நிலைமின்னியல் சோதனைப் பெட்டி: இலை விரியும் கருவிக்காக வாங்கலாம், பொறி பறக்கும் கோலுக்காக வேண்டாம்

ஓய்வில் இருக்கும் மின்னூட்டங்களைப் பற்றிய நிலைமின்னியலின் அடிப்படைகளை வீட்டு மேசையிலேயே செய்து பார்ப்பதற்கென்று விற்கப்படும் சோதனைப் பெட்டிகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. அட்டையில் தலைமுடி விறைத்து நிற்கும் ஒரு சிறுவனின் படம் இருக்கும். உள்ளே இரண்டு தண்டுகள், சில துணிகள், நெட்டிப் பந்துகள், மின்னூட்டத்தை இலைகள் விரிந்து காட்டும் ஓர் இலை மின்காட்டி, காப்புக் கைப்பிடி பொருத்திய உலோகத் தட்டு, மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் ஒரு சிறிய லேடன் ஜாடி, மின்கலத்தில் இயங்கும் ஒரு கோல், மெலிந்த ஒரு கையேடு ஆகியவை இருக்கும். தயாரிப்பாளரின் பெயர் மட்டும் பெட்டிக்குப் பெட்டி மாறும். ஆகவே, நான் பயன்படுத்திய பெட்டியின் பெயரைச் சொல்லாமல், அதிலுள்ள ஒவ்வொரு பொருளும் மின்னூட்டத்தைப் பற்றி எதைக் கற்றுத் தருகிறது, எதைக் கற்றுத் தரத் தவறுகிறது என்பதையே இங்கு எழுதுகிறேன். என் தீர்ப்பு தலைப்பிலேயே இருக்கிறது. காரணங்கள்தான் சற்று நீளமானவை.

முதலில் தண்டுகளும் துணிகளும். பிவிசி தண்டு ஒன்றும், அதற்கு ஒரு கம்பளித் துணியும். கண்ணாடித் தண்டு ஒன்றும், அதற்கு ஒரு பட்டுத் துணியும் தரப்பட்டுள்ளன. கம்பளியால் தேய்க்கப்பட்ட பிவிசி, எலக்ட்ரான்களைப் பெற்று எதிர் மின்னூட்டம் அடைகிறது. பட்டால் தேய்க்கப்பட்ட கண்ணாடி, எலக்ட்ரான்களை இழந்து நேர் மின்னூட்டம் அடைகிறது. இரண்டு வகை மின்னூட்டங்கள் உண்டு என்பதைச் சார்ல்ஸ் து ஃபே 1733இல் இத்தகைய பொருள்களைக் கொண்டுதான் கண்டறிந்தார் என்பதால், இந்த இணைகளைத் தேர்ந்தெடுத்ததில் குறை சொல்ல முடியாது. பிவிசி தண்டு மிக நன்றாக வேலை செய்கிறது. கண்ணாடித் தண்டுதான் ஏமாற்றம் தருகிறது. கண்ணாடியின் மேற்பரப்பில் காற்றின் ஈரம் மெல்லிய படலமாகப் படிந்துவிடுவதும், அந்தப் படலத்தின் வழியே மின்னூட்டம், தண்டைப் பிடித்திருக்கும் கைக்கு வழிந்துவிடுவதும் தெரிந்த செய்திகள். சற்றே சூடேற்றி உலர்த்திய பிறகு தேய்த்தால் பலன் கிடைக்கிறது. ஆனால் கையேடு இதைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லவில்லை. அக்ரிலிக் தண்டைத் தந்திருந்தால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி நீங்கியிருக்கும், உடையும் என்ற அச்சமும் இருந்திருக்காது.

துணிகளோடு வரும் ஓர் அட்டையில், எந்தப் பொருளை எதனோடு தேய்த்தால் எது நேர், எது எதிர் என்று காட்டும் வரிசை அச்சிடப்பட்டுள்ளது. இத்தகைய வரிசையை முதன்முதலில் 1757இல் யோஹான் வில்க்கே வெளியிட்டார். அட்டையில் உள்ள வரிசை பொதுவாகச் சரியானதே: கண்ணாடியும் தலைமுடியும் ஒரு கோடியில், டெஃப்லான் மறுகோடியில். எனினும், இது மாறாத இயற்கை விதி போன்ற தோரணையில் அச்சிடப்பட்டிருப்பது சரியன்று. மேற்பரப்பில் படிந்த அழுக்கு, ஈரப்பதம், தேய்க்கும் விதம் ஆகியவற்றைப் பொறுத்து வரிசையில் அருகருகே உள்ள பொருள்கள் இடம் மாறிக்கொள்ளும். தொடுவதாலும் தேய்ப்பதாலும் மின்னூட்டம் எவ்வாறு இடம்பெயர்கிறது என்பதில் எலக்ட்ரான்களின் பங்கு எவ்வளவு, அயனிகளின் பங்கு எவ்வளவு, பிய்ந்து ஒட்டிக்கொள்ளும் நுண்துகள்களின் பங்கு எவ்வளவு என்பது இன்றும் ஆய்வாளர்களிடையே தீராத விவாதமாகவே உள்ளது. குழந்தைகளுக்கான பெட்டியில் இதைச் சொல்லக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. சொன்னால் ஆர்வம் கூடவே செய்யும்.

கையேட்டின் முதல் பக்கத்திலேயே இதைவிடப் பெரிய பிழை ஒன்று உள்ளது. ‘தேய்ப்பதால் மின்னூட்டம் உண்டாகிறது’ என்று எழுதியிருக்கிறார்கள். தேய்ப்பதால் எதுவும் புதிதாக உண்டாவதில்லை. துணியில் இருந்தது தண்டுக்குப் போகிறது, அல்லது தண்டில் இருந்தது துணிக்குப் போகிறது, மொத்தக் கணக்கு மாறுவதில்லை. மின்னூட்ட அழிவின்மை என்ற இந்த விதிதான் பாடம் முழுவதற்கும் அடித்தளம். அதை முதல் வாக்கியத்திலேயே குலைத்துவிட்டு, பின்னால் எத்தனை சோதனைகளை அடுக்கினாலும் பயன் குறைவு. பெட்டியை வாங்குபவர்கள் அந்த வரியைப் பேனாவால் திருத்திவிட்டுக் குழந்தையிடம் கொடுப்பது நல்லது.

அடுத்து வருவது காகிதத் துணுக்குச் சோதனை. எல்லாரும் செய்து பார்த்தது என்பதால் எளிதாகக் கடந்துவிடத் தோன்றும். ஆனால் அதில்தான் கேட்க வேண்டிய நல்ல கேள்வி இருக்கிறது. காகிதத்தில் மின்னூட்டம் ஏதும் இல்லை. பிறகு ஏன் தண்டு அதை இழுக்கிறது? எதிர் மின்னூட்டம் பெற்ற தண்டை அருகில் கொண்டு செல்லும்போது, காகிதத்தின் மூலக்கூறுகளுக்குள் நேரும் எதிரும் மிகச் சிறிதளவு விலகி, நேர்ப் பக்கம் தண்டை நோக்கியும் எதிர்ப் பக்கம் அப்பாலும் அமைகின்றன. இதையே முனைவாக்கம் என்கிறோம். இரு மின்னூட்டங்களுக்கு இடையிலான விசை தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்று சார்ல்ஸ் கூலும் என்பவர் 1785இல் முறுக்குத் தராசால் அளந்து காட்டினார். ஆகவே, அருகில் உள்ள நேர்ப் பக்கத்தின் ஈர்ப்பு, சற்றுத் தள்ளியுள்ள எதிர்ப் பக்கத்தின் விலக்கத்தை மிஞ்சுகிறது. சில துணுக்குகள் ஒட்டிய மறுகணமே வீசியெறியப்பட்டதுபோல் பறந்துவிடுவதையும் கவனிக்க வேண்டும்: தண்டைத் தொட்ட துணுக்கு தண்டின் மின்னூட்டத்தில் கொஞ்சம் பெற்றுக்கொண்டு, அதனோடு ஒத்த இனமாகி விலக்கப்படுகிறது. கையேடு ஈர்ப்பை மட்டும் சொல்லி, அதைவிடச் சுவையான விலக்கத்தை விட்டுவிட்டது.

நெட்டிப் பந்துகள் என்று அட்டையில் போட்டிருந்தாலும், உள்ளே இருப்பவை அலுமினியப் பூச்சு பூசிய தெர்மோகோல் உருண்டைகள். அதில் குறையில்லை, எடை குறைவு, கடத்தும் மேற்பரப்பு ஆகிய இரண்டும் இருந்தால் போதும். குறை அவற்றைத் தொங்கவிடத் தந்துள்ள நூலில் இருக்கிறது. அது பருத்தி நூல். பருத்தி ஈரத்தை உறிஞ்சும்; ஈரமேறிய நூல் மின்னூட்டத்தைத் தாங்கிக்குக் கடத்திவிடும். 1729இல் ஸ்டீஃபன் கிரே நீண்ட கயிறு ஒன்றின் வழியே மின்னூட்டத்தைச் செலுத்தியபோது, கயிற்றைப் பட்டு நூல்களால் தாங்கினார். பட்டு அறுந்துபோனதால் பித்தளைக் கம்பிகளால் தாங்கியபோது மின்னூட்டம் அவற்றின் வழியே கசிந்து சோதனை தோற்றது. கடத்தி, காப்பான் என்ற பிரிவினையே தாங்கும் இழை எதனால் ஆனது என்ற இந்தக் கேள்வியிலிருந்துதான் தெளிவடைந்தது. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு அதே இடத்தில் இந்தப் பெட்டி சறுக்குகிறது. நைலான் தூண்டில் நரம்பைக் கட்டிக்கொண்டால் பந்துகள் நெடுநேரம் ஒன்றையொன்று விலக்கியபடியே நிற்கின்றன.

இனி, இந்தப் பெட்டியின் உயிர்நாடியான இலை மின்காட்டி. 1787இல் ஆபிரகாம் பென்னெட் வெளியிட்ட தங்க இலை மின்காட்டியின் எளிய வடிவம் இது: மேலே உலோகத் தட்டு, அதிலிருந்து குடுவைக்குள் இறங்கும் ஒரு தண்டு, தண்டின் நுனியில் மெல்லிய அலுமினிய இலைகள் இரண்டு, தண்டைத் தாங்க டெஃப்லான் அடைப்பான். ரப்பர் அடைப்பானையோ தக்கையையோ வைக்காமல் டெஃப்லானை வைத்ததற்காகவே தயாரிப்பாளரைப் பாராட்டலாம். உலர்ந்த நாளில் ஒருமுறை விரிந்த இலைகள் பல நிமிடங்கள் வரை மடங்காமல் நிற்கின்றன.

இந்தக் கருவியின் அருமை, அது ‘மின்னூட்டம் இருக்கிறது’ என்று சொல்வதோடு நிற்பதில்லை என்பதில் உள்ளது. 1600இல் வில்லியம் கில்பர்ட் விவரித்த சுழலும் ஊசியும் மின்னூட்டம் இருப்பதைக் காட்டியது. ஆனால் அது எந்த வகை என்று அதனால் சொல்ல இயலாது. இலை மின்காட்டியால் இயலும். பிவிசி தண்டால் மின்காட்டிக்கு எதிர் மின்னூட்டம் தந்து இலைகளை விரித்து வைத்துக்கொண்டு, ஆராய வேண்டிய பொருளை மேல்தட்டின் அருகில் கொண்டுவர வேண்டும். இலைகள் மேலும் விரிந்தால் அப்பொருள் எதிர் மின்னூட்டம் உடையது. சுருங்கினால் நேர் என்று கையேடு அவசரமாக முடிக்கிறது. அது தவறு, ஏனெனில் மின்னூட்டமே இல்லாத வெறுங்கையை அருகில் கொண்டுபோனாலும் இலைகள் சற்றுச் சுருங்கும். விரிவு மட்டுமே ஐயத்துக்கு இடமில்லாத சான்று. சுருங்கும் பொருளை, நேர் மின்னூட்டம் பெற்ற மின்காட்டியின் அருகில் கொண்டுபோய் மீண்டும் சோதித்து, அங்கே விரிகிறதா என்று பார்த்த பிறகே முடிவு கூற வேண்டும்.

அந்த நேர் மின்னூட்டத்தை மின்காட்டிக்கு எப்படித் தருவது என்பதில்தான் பாடத்தின் உச்சம் உள்ளது. நேர் மின்னூட்டம் உடைய தண்டு தேவையே இல்லை. எதிர் மின்னூட்டம் உடைய பிவிசி தண்டே போதும். தண்டைத் தட்டின் அருகில், தொடாமல், பிடித்திருக்கும்போது தட்டிலுள்ள எலக்ட்ரான்கள் இலைகளை நோக்கி விலகிச் செல்கின்றன. அந்நிலையில் தட்டை விரலால் தொட்டால், அவை உடலின் வழியே தரைக்கு வெளியேறுகின்றன. முதலில் விரலை எடுத்து, அதன் பிறகே தண்டை அகற்றினால், மின்காட்டியில் எலக்ட்ரான் பற்றாக்குறை, அதாவது நேர் மின்னூட்டம், தங்கிவிடுகிறது. வரிசையை மாற்றித் தண்டை முதலில் எடுத்துவிட்டால் இலைகள் மடங்கியே கிடக்கும். நிலைமின் தூண்டலை இவ்வளவு தெளிவாக விரல் நுனியில் உணர்த்தும் வேறொரு மலிவான கருவியை நான் அறியேன். பெட்டியைத் திறந்தவுடன் மின்கலக் கோலை எடுக்காமல், இந்தச் சோதனையை வரிசை மாற்றி மாற்றிச் செய்துபார்க்குமாறு பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும்.

கருவியின் கட்டமைப்பில் எனக்கு ஒரு குறை உண்டு. இலைகளின் விரிவு, உண்மையில் இலைகளுக்கும் அவற்றைச் சூழ்ந்த உறைக்கும் இடையிலான மின்னழுத்த வேறுபாட்டைக் காட்டுகிறது. நல்ல மின்காட்டிகளில் உறை உலோகத்தால் ஆனது, அல்லது கண்ணாடியின் உட்புறத்தில் தகட்டுப் பட்டை ஒட்டித் தரையுடன் இணைக்கப்பட்டிருக்கும். இங்கோ வெறும் கண்ணாடிக் குடுவை. துணியால் குடுவையைத் துடைத்தாலே கண்ணாடி மின்னூட்டம் பெற்று இலைகளைத் தாறுமாறாக இழுக்கிறது. குடுவையின் உட்சுவரில் இருபுறமும் அலுமினியத் தாள் பட்டைகளை ஒட்டி, ஒரு கம்பியால் வெளியே கொண்டுவந்து தரையிணைத்தால் கருவி நிதானமடைகிறது. தொழிற்சாலையில் இதைச் செய்ய எவ்வளவு செலவாகியிருக்கும் என்று நினைத்தால் சற்று எரிச்சல் வரத்தான் செய்கிறது.

காப்புக் கைப்பிடி பொருத்திய உலோகத் தட்டும் அதற்கு அடியில் வைக்கும் பிவிசி பலகையும் சேர்ந்து எலக்ட்ரோஃபோரஸ் ஆகின்றன. வில்க்கே 1762இல் இதன் தத்துவத்தைக் கண்டார். அலெசாண்ட்ரோ வோல்ட்டா 1775இல் இதைச் செம்மைப்படுத்திப் பரப்பினார். பலகையைக் கம்பளியால் ஒருமுறை தேய்த்து, தட்டை அதன்மேல் வைத்து, தட்டை விரலால் தொட்டு, விரலை எடுத்து, கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினால் தட்டில் நேர் மின்னூட்டம் நிறைந்திருக்கும். விரலை நீட்டினால் பொறி பறக்கும். மீண்டும் வைத்து, தொட்டு, தூக்கினால் மீண்டும் பொறி. பலகையைத் திரும்பத் தேய்க்க வேண்டியதில்லை. பலகை காப்பான் என்பதாலும், தட்டு அதை உண்மையில் சில புள்ளிகளில் மட்டுமே தொடுவதாலும், பலகையின் மின்னூட்டம் தட்டுக்குப் போவதில்லை. தூண்டல் மட்டுமே நிகழ்கிறது.

அப்படியானால் ஒவ்வொரு பொறியின் ஆற்றலும் எங்கிருந்து வருகிறது? கையேடு இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. எதிர் மின்னூட்டம் உடைய பலகை, நேர் மின்னூட்டம் உடைய தட்டைக் கீழ்நோக்கி இழுக்கிறது. அந்த இழுப்பை மீறித் தட்டைத் தூக்கும் கை செய்யும் வேலையே பொறியின் ஆற்றலாக மாறுகிறது. தட்டின் எடையைத் தூக்கும் உழைப்போடு ஒப்பிட்டால் இந்த இழுப்பு சிறிது என்பதால் கை அதை உணர்வதில்லை. உலர்ந்த காற்று சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 30,000 வோல்ட் அளவில் முறிந்து மின்னிறக்கத்துக்கு இடம் தரும். இந்தத் தட்டிலிருந்து அரை சென்டிமீட்டரைத் தாண்டும் பொறிகள் எளிதாகக் கிடைக்கின்றன என்றால், விளையாட்டுப் பொருள்போல் தோன்றும் இது பத்தாயிரம் வோல்ட்டைத் தாண்டிவிடுகிறது என்று பொருள். தட்டின் விளிம்பு நன்கு உருட்டப்பட்டிருப்பதும் இதற்கு ஒரு காரணம்; கூர்மையான விளிம்புகளில் மின்புலம் செறிந்து மின்னூட்டம் காற்றில் கசிந்துவிடும். இந்த ஒரு பொருளின் செய்நேர்த்திக்கு முழு மதிப்பெண் தருகிறேன்.

இத்தனை வோல்ட் இருந்தும் கை ஏன் கருகவில்லை என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். விடை மின்னூட்டத்தின் அளவில் உள்ளது. மின்னூட்டத்தின் அலகு கூலும்; அதில் நூறு கோடியில் ஒரு பங்கு நானோகூலும். தேய்த்த தண்டு ஒன்றில் பத்து நானோகூலும் அளவு மின்னூட்டம் இருப்பதாகக் கொள்வோம். எலக்ட்ரான் ஒன்றின் மின்னூட்டம் 1.602 × 10⁻¹⁹ கூலும் என்பதால், அது சுமார் 6,240 கோடி எலக்ட்ரான்களுக்குச் சமம். கேட்கப் பெரிய எண்ணாகத் தோன்றினாலும், ஒரு கிராம் செம்பில் மட்டும் ஏறத்தாழ 2.7 × 10²³ எலக்ட்ரான்கள் உள்ளன. அவற்றோடு ஒப்பிட்டால் நான்கு இலட்சம் கோடியில் ஒன்று என்ற அளவுக்குக்கூட இது தேறாது. மறுபக்கம், ஒரு கூலும் எவ்வளவு பெரியது என்பதையும் இதே பெட்டியை வைத்துக்கொண்டு விளக்கலாம்: ஒரு கூலும் அளவுள்ள இரண்டு மின்னூட்டங்களை ஒரு மீட்டர் இடைவெளியில் வைக்க முடிந்தால், அவற்றுக்கிடையே 900 கோடி நியூட்டன் விசை இருக்கும். கையேட்டில் மாதிரிக் கணக்குகள் அனைத்தும் 1 கூலும், 2 கூலும் என்றே போடப்பட்டிருப்பது, எழுதியவர் இந்த எண்களை ஒருமுறையும் நினைத்துப் பார்க்கவில்லை என்பதையே காட்டுகிறது.

லேடன் ஜாடி சிறியது. நெகிழிக் குப்பியின் உள்ளும் புறமும் தகடு ஒட்டியது. 1745இல் எவால்ட் ஃபொன் கிளைஸ்டும், அதையடுத்து லேடன் நகரில் பீட்டர் ஃபான் மூசன்புரூக்கும் கண்ட மின்தேக்கி இதுவே. எலக்ட்ரோஃபோரஸ் தட்டைத் தொடர்ந்து தொட்டு மின்னூட்டத்தைச் சேர்த்தால், இறுதியில் கிடைக்கும் பொறி கொழுத்து, ஓசையோடு வருகிறது. மின்தேக்குதிறன் 300 பிக்கோஃபாரட், மின்னழுத்தம் 10,000 வோல்ட் என்று வைத்தால் தேங்கும் ஆற்றல் 15 மில்லிஜூல். சுருக்கென்று குத்தும், தீங்கு செய்யாது. ஆனால் பெரிய ஜாடியை நாமே செய்துகொள்ளலாம் என்று கையேட்டின் ஓரத்தில் ஒரு குறிப்பு உள்ளது. அது பொறுப்பற்றது. ஆற்றல், மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உயர்வது. பெரிய ஜாடிகளை இணைத்தால் அது விளையாட்டாக இருக்காது. இதயமுடுக்கி பொருத்தியவர்கள் இந்தச் சோதனைகளிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் அட்டையில் இல்லை. கைபேசி, கணினி ஆகியவற்றையும் மேசையிலிருந்து அகற்றிவிட வேண்டும்: மனிதர் உணரும் நிலைமின் அதிர்ச்சி ஏறத்தாழ 3,000 வோல்ட்டில்தான் தொடங்குகிறது, நுண்ணிய குறைகடத்திச் சில்லுகள் சில நூறு வோல்ட்டுகளிலேயே பழுதாகக்கூடும்.

மின்கலக் கோலைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். உள்ளே ஒரு ரப்பர் பட்டையை மோட்டார் சுழற்றுகிறது; ராபர்ட் வான் டி கிராஃப் 1929இல் உருவாக்கிய மின்னியற்றியின் கையடக்க வடிவம். பொத்தானை அழுத்தினால் வெள்ளித்தாள் இழைகள் விரிந்து கோலின்மேல் மிதக்கும். பார்க்க அழகு. ஆனால் மின்னூட்டம் எங்கிருந்து வந்தது, என்ன வகை, எங்கே போயிற்று என்பதெல்லாம் மூடிய குழாய்க்குள் நடப்பதால் கற்க ஒன்றும் இல்லை. பெட்டியின் விலையில் கணிசமான பங்கு இதற்கே போயிருக்கும் என்று கருதுகிறேன்.

இதைவிடப் பயனுள்ள ஒன்றைப் பெட்டி தரவில்லை: ஒரு தகரக் குவளை. மைக்கேல் ஃபாரடே 1843இல் பனிக்கட்டி வாளியைக் கொண்டு செய்த சோதனையை அதனால் செய்யலாம். சமையலறைக் குவளை ஒன்றை மின்காட்டியின் மேல்தட்டில் வைத்து, தேய்த்த தண்டை உட்சுவரைத் தொடாமல் இறக்கினால் இலைகள் விரிகின்றன. நெகிழிக் குச்சியின் நுனியில் கட்டி அந்தத் தண்டைத் தேய்த்த கம்பளித் துணியை மட்டும் இறக்கினாலும் ஏறத்தாழ அதே அளவு விரிகின்றன. இரண்டையும் ஒன்றாக இறக்கினால் இலைகள் அசைவதில்லை. தேய்ப்பதால் மின்னூட்டம் உண்டாவதில்லை என்பதைக் கண்ணால் காட்டும் சோதனை இது. கையேட்டில் இது இருந்திருந்தால் அதன் முதல் வாக்கியமே மாறியிருக்கும்.

வரலாற்றுப் பக்கத்தில் இரண்டு திருத்தங்கள் தேவை. 1752இல் பெஞ்சமின் பிராங்க்ளின் பட்டம் விட்டபோது அதன்மேல் இடி விழுந்ததாகப் படம் போட்டிருக்கிறார்கள். விழுந்திருந்தால் அவர் பிழைத்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு; இடிமேகத்தின் மின்புலத்தால் ஈர நூலில் தூண்டப்பட்ட மின்னூட்டத்தையே அவர் அந்த நூலில் கட்டிய திறவுகோலில் கண்டார். நேர், எதிர் என்ற குறியீடு அவர் வகுத்தது என்று சொல்லும் கையேடு, எலக்ட்ரான் 1897இல் ஜே. ஜே. தாம்சனால் கண்டறியப்பட்ட போது அது எதிர்ப் பக்கத்தில் அமைந்தது என்பதைச் சொல்லவில்லை. எலக்ட்ரானைப் பெற்ற பொருள் ஏன் ‘எதிர்’ ஆகிறது என்று குழம்பும் மாணவருக்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருந்திருக்கும்.

வாங்குபவர்கள் கடைசியாக ஒன்றை அறிந்திருக்க வேண்டும். எல்லாச் சோதனைகளும் எப்போதும் பலிக்கும் என்று அட்டை வாக்களிக்கிறது. ஆனால் காற்றின் ஈரப்பதம் மிகும் நாள்களில் காப்பான்களின் மேற்பரப்பில் ஈரம் படிந்து மின்னூட்டம் கசிவதால், கண்ணாடித் தண்டு முற்றிலும் செயலிழக்கும். பிவிசி தண்டும் எலக்ட்ரோஃபோரஸும் தடுமாறும். மழைக்காலத்தில் வாங்கிவிட்டுக் கருவி பழுது என்று திருப்பி அனுப்புவோர் இருப்பார்கள் என்றே எண்ணுகிறேன். தண்டுகளையும் துணிகளையும் தலைமுடி உலர்த்தியின் சூடான காற்றில் சிறிது நேரம் காட்டி, தண்டைப் பிடிக்கும் கையையும் உலர வைத்துக்கொண்டால் பெரும்பாலான சோதனைகள் மீண்டு வருகின்றன. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும், பெரியவர் ஒருவர் உடனிருந்தால் அதற்குச் சற்றுக் கீழே உள்ளவர்களுக்கும் இது ஏற்றது. மின்காட்டியும் எலக்ட்ரோஃபோரஸும் மட்டும் தனித்தனியே கிடைக்குமானால் அவற்றை வாங்கி, மின்கலக் கோலுக்குரிய பணத்தில் ஓர் அக்ரிலிக் தண்டையும் நைலான் நரம்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.